பாரூர் மேல் ஒரு புள்ளி

இரவு பத்தே முக்காலுக்கு
தர்மபுரியிலிருந்து திம்மராயன் கூப்பிட்டார்.
நாளைக் கூட்டத்துக்கு
எல்லாருடைய ஸ்லைடுகளையும் ஒன்றாகக் கோர்ப்பவர்.
"மேடம், உங்க ஏரி கறுப்பா இருக்கு."

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மாடி அறையில்,
என் திரையில் அது நீலம்தான்.
பாரூர் ஏரி. வரத்துக் கால்வாய். மதகுகள்.
பதினோரு ராத்திரி உட்கார்ந்து வரைந்தது.

படம் என்று சொல்கிறோம்; படம் இல்லை அது.
இந்தப் புள்ளியில் தொடங்கு,
அந்தப் புள்ளிக்குப் போ,
போகிற வழியில் இவ்வளவு வளை.
கரை என்பது இவ்வளவு பேச்சுதான்.
எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பிசிறாது,
கேட்கிற மென்பொருளுக்குப் பேச்சு புரிந்தால்.

நான் இலவசமாகக் கிடைத்த ஒன்றில் சொன்னேன்.
அவர் அலுவலகம்
பத்து வருடம் முன்பு காசு கொடுத்து வாங்கியதில் கேட்டது.
புரியாத இடத்தையெல்லாம்
கறுப்பு என்று எடுத்துக்கொண்டது.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில்
தமிழில் கேட்ட விலைக்குத்
தெலுங்கில் பதில் வரும்,
கன்னடத்தில் மீதிச் சில்லறை வரும்,
கணக்கு தவறாது.
இரண்டு மென்பொருளையும் ஒருநாள்
அங்கே கூட்டிப் போய் நிறுத்த வேண்டும்.

எஸ்விஜியை இஎம்எஃப் ஆக்கி அனுப்பினேன்.
ஏரி வந்தது. கரை வந்தது.
ஆயக்கட்டின் மேல் நான் பூசிய
நாற்பது சதவீத நீலம்
நூறு சதவீதமாக வந்தது.
அரசம்பட்டி இல்லை.
பண்ணந்தூர் இல்லை.
மழைக்குக் காத்திருந்த ஊர்கள்
ஒரு கோப்பு மாற்றத்தில் மூழ்கிப்போயின.

பிஎன்ஜியில் அனுப்பினேன்.
தூரத்திலிருந்து எல்லாம் அழகு.
கடைமதகைக் காட்டப் பெரிதாக்கினால்
கால்வாய் படிக்கட்டாகிறது.
தண்ணீர் படி இறங்கிப் போகுமா என்று
பொறியாளர்கள் சிரிப்பார்கள்.

இதற்கு நடுவே எழுத்து.
என் எழுத்துரு அவரிடம் இல்லை.
"ஊர்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது."
பெயர்கள் அத்தனையையும் வளைகோடாக மாற்றினேன்.
இனி அவை எழுத்தில்லை, உருவம்.
தேடினால் கிடைக்காது, திருத்த முடியாது,
எங்கே போனாலும் உடையாது.
கல்வெட்டு போல என்று சொல்ல ஆசைதான்.
ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியது போல
என்பதுதான் உண்மை.

மணி ஒன்று. டீயில் ஆடை படிந்திருந்தது.

நீலத்தை விட்டேன்.
ஊடே தெரிகிற நிறம் என்ற வித்தையே வேண்டாம்.
ஆயக்கட்டைச் சாய்கோடுகளாகப் போட்டேன்,
சீப்பு வாரியது போல.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில்
பண்ணந்தூர் மூச்சு விட்டது.
கோடு தெரியாத மென்பொருள் உண்டா?

ஒன்றேகால்.
"வந்துருச்சு மேடம். எல்லா ஊரும் இருக்கு."
கொஞ்சம் சும்மா இருந்தார்.
"ஆனா பாரூருக்குப் புள்ளி இல்லையே."

பார்த்தேன்.
பாரூர.
கடைசி எழுத்து மொட்டைத் தலையோடு நின்றது.
பதினோரு ராத்திரியும் அப்படியேதான்
நின்றிருக்க வேண்டும்.
கறுப்பையும் நீலத்தையும் பார்த்த கண்ணுக்கு
அது படவில்லை.
அழித்து அடிக்க அது எழுத்தில்லை இப்போது.
மூலத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி மாற்றி, மறுபடி அனுப்பி,
மறுபடி அவர் என்ன சொல்லப்போகிறாரோ.

"நீங்களே ஒரு வட்டம் போடுங்க," என்றேன்.
"சின்னதா. உள்ள கறுப்பு நிரப்பி
அந்த எழுத்து மேல வைங்க."

போனில் சுட்டி சொடுக்கும் சத்தம்.
யாரோ அங்கே நாற்காலியை இழுக்கிறார்கள்.
இன்னொரு சொடுக்கு.

"இங்கயா?" என்றார்.

அவர் திரை எனக்குத் தெரியவில்லை.
"அங்கதான்," என்றேன்.